விளக்கு போடுவதற்கு முன்

மைசூர் அரண்மனை பார்க்கப் போகிறோம் என்று அப்பா சொன்ன அன்றே, ஆவடியில் அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை முழுவதும் அந்தச் செய்தியைக் கொண்டுசேர்த்தவள் நான்தான். அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரிசையில் யாரும் எதையும் பார்ப்பதற்காக வெளியூர் போனதில்லை. லீவு கிடைத்தால் திருநெல்வேலிக்காரர்கள் திருநெல்வேலிக்கும், தருமபுரிக்காரர்கள் தருமபுரிக்கும் போவார்கள். நாங்கள் காட்டுப்பாக்கம் போவோம். அம்மா பிறந்த வீடு அங்கே. ஒரு பஸ் மாறினால் வந்துவிடும். ஊருக்குப் போய்வந்த களைப்புகூட இருக்காது. அப்படிப்பட்ட குடும்பம் ராஜா வீட்டைப் பார்க்க ரயிலேறப் போகிறது என்றால் அதை எப்படிச் சொல்லாமல் இருப்பது?

பக்கத்து வீட்டு அத்தை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உங்க மாமாவும் வராரா?” என்று மட்டும் கேட்டார்.

“மாமாவுக்காகத்தான் போறோமாம். அப்பா அம்மாகிட்ட சொல்லிகினு இருந்தாரு.”

அவர் முறத்தைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு சம்படம் நிறைய முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். தீபாவளிக்கே நாலு முறுக்குக்கு மேல் தராதவர். அரண்மனைக்குப் போகிறவர்களுக்கு ஊரில் மரியாதை கூடிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. தாத்தா இறந்தபிறகு எங்களோடு வந்துவிட்டார். ஐ.டி.ஐ.யில் பாதியில் இருந்த வயர்மேன் படிப்பை முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஆடி மாதம் எங்கள் பகுதி அம்மன் கோயிலுக்கு சீரியல் செட் போடுவது அவர்தான். கடைசி பல்பை மாட்டியதும் என்னைத் தூக்கிப் பிடித்து ஸ்விட்சைப் போடச் சொல்வார். கோயில் முழுவதும் நானே எரியவைத்த மாதிரி இருக்கும். ஐ.டி.ஐ. பையன்களெல்லாம் ஒரு வருடம் மைசூருக்குச் சுற்றுலா போனார்கள். தாத்தா படுத்த படுக்கையாய்க் கிடந்ததால் மாமா மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த அரண்மனைக்கு ஒரு லட்சம் பல்பு போடுவார்களாம் என்று கூட்டாளிகள் வந்து சொன்னதை, தானே பார்த்ததுபோல எனக்குச் சொல்லியிருக்கிறார்.

பிறகு அவருக்கு உடம்பு கெட்டது. உடம்பு என்றுதான் வீட்டில் சொன்னார்கள். முதலில் மின்விசிறியைப் போட விடமாட்டார். அதற்குள்ளிருந்து யாரோ பேசுகிறார்கள் என்பார். பிறகு பல்புகளைக் கழற்றி வைத்தார். கம்பி ஓடும் இடமெல்லாம் ஆள் இருக்கிறது, எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். வேலை போயிற்று. மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு வாரம் தவறாமல் அழைத்துப்போனார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் பகல் முழுவதும் வாயோரம் எச்சில் வழிய உட்கார்ந்திருப்பார். பிறகு அதைச் சாப்பிட மறுத்தார். மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனபோது வேலப்பன்சாவடியில் ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்துவிட்டார். அதன்பின் ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வார்.

ஒருநாள் மத்தியானம், பேச்சை நிறுத்துகிறேன் என்று எங்கள் வரிசைக்கு வரும் மின்கம்பியை வெட்டிவிட்டார். அது தூக்கியடித்ததில் கை வெந்துபோனது. அறுந்து தொங்கிய கம்பிக்குப் பக்கத்தில் பக்கத்து வீட்டு அத்தையின் பேரன் தவழ்ந்துகொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அத்தை ஆபீஸில் போய்ப் புகார் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆபீஸில் அப்பாவைக் கூப்பிட்டு, இவரை எங்காவது சேர், இல்லாவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், மைசூர்ப் பக்கம் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். அப்பா தனியாகப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். மாமாவை எப்படி அழைத்துப்போவது என்பதுதான் பாக்கி. அப்போதுதான் அரண்மனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அரண்மனையைச் சுற்றிக் காட்டுவது, சாயங்காலம் இல்லத்து ஆட்கள் வண்டியோடு வாசலுக்கு வந்து அழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. குழந்தை கூட இருந்தால் மாமாவுக்குச் சந்தேகம் வராது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். இதெல்லாம் பல வருடம் கழித்து அம்மா துண்டு துண்டாகச் சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது முறுக்குச் சம்படம் மட்டும்தான்.

மாமா கிளம்பமாட்டாரோ என்று அப்பா பயந்திருக்கிறார். ஆனால் கதவைத் தட்டிச் சொன்னதும் மாமா திறந்து, “நெஜமாவா மாமா? லைட் போடறத பாத்துட்டுத்தானே வருவோம்?” என்று கேட்டார். எனக்கு அவர் மாமா. அவருக்கு என் அப்பா மாமா.

“பின்ன, அதுக்குத்தானேடா மச்சான் போறோம்” என்றார் அப்பா.

ஆவடியிலிருந்து சென்ட்ரல் வரைக்கும் மின்சார ரயில். தலைக்கு மேலே கம்பி ஓடுகிறதே என்று மாமா காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனாக நான் பெயர் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் என் விரலைப் பிடித்துக்கொண்டார். பெங்களூர் மெயிலில் ஏறியபிறகும் அந்தப் பிடியை விடவில்லை. அம்மா வழி முழுவதும் தூங்கவில்லை. தூக்கத்தில் மாமாவின் தலை சாயும்போதெல்லாம் தன் தோளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெங்களூரிலிருந்து பஸ். மைசூர் பஸ் ஸ்டாண்டில் அப்பா மாமாவுக்கு முகச்சவரம் செய்வித்தார். தாடி போனதும் மாமா சின்னப் பையனாகிவிட்டார். புதுச் சட்டை போட்டுக்கொண்டார். அப்பா அதை எதற்கு வாங்கினார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அரண்மனையை முதலில் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு பெரிய வீட்டில் ராஜா வழி தவறினால் யாரைக் கேட்பார் என்று தோன்றியது. மாமாவோ கட்டிடத்தையே பார்க்கவில்லை. நெற்றியில் கைவைத்துக்கொண்டு விளிம்புகளைப் பார்த்தார். ஜன்னல், வளைவு, கோபுரம் என்று எங்கே ஓரம் இருந்ததோ அங்கெல்லாம் பல்பு வரிசையாக இருந்தது. பகல் வெளிச்சத்தில் அவை அழுக்கு மணிகள் மாதிரித் தெரிந்தன.

“பாத்தியா பாப்பா? ஓரமே உடாம போட்டுகீறானுங்க. ஏணி கட்டி எத்தினி பேரு ஏறிகீணும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இவ்ளோ கம்பி ஓடுது. ஒண்ணுகூட பேசல” என்றார்.

அவர் இவ்வளவு பேசி வெகுநாள் ஆகியிருந்தது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா செருப்பு விடும் இடத்தைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டார்.

செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனோம். கல் தரை காலுக்குக் குளிர்ந்தது. பொம்மை மண்டபத்தில் ராஜா வீட்டுப் பொம்மைகளும், தங்கத் தகடு போர்த்திய அம்பாரியும் இருந்தன. தசராவில் அதை யானைமேல் வைத்துக் கொண்டுபோவார்கள் என்று ஒரு வழிகாட்டி அரைத் தமிழில் சொன்னார். ராஜா இப்போது எங்கே என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் மாமா, “ராஜாவுக்கு ரிட்டயர்மென்ட் ஆயிடுச்சி பாப்பா. குவார்ட்டர்ஸ காலி பண்ண சொல்லிட்டாங்க” என்றார். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. நகைச்சுவை புரியவில்லை போல என்று நான் அப்பாவுக்கு அதை மறுபடியும் விளக்கிச் சொன்னேன்.

கல்யாண மண்டபத்துக் கூரைக் கண்ணாடியில் மயில்கள் இருந்தன. வெயில் அதன் வழியாக இறங்கித் தரையில் நீலமும் பச்சையுமாகக் கிடந்தது. மாமா அந்த வெளிச்சத்தில் உள்ளங்கையைக் காட்டினார். வெந்து ஆறிய தோலின்மேல் நிறம் விழுந்தது. சுவரைச் சுற்றிலும் தசரா ஊர்வலம் வரைந்திருந்தார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் அதிலிருக்கும் ஒரு குதிரை நம்மையே பார்க்கும் என்று வழிகாட்டி சொன்னார். மாமாவும் நானும் இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் ஓடிப் பார்த்தோம். குதிரை எங்களை விடவில்லை. யாரோ தன்னையே பார்க்கிறார்கள் என்றால் வீட்டில் பதறிப்போகிறவர், அங்கே அந்தக் குதிரைக்குச் சலாம் வைத்தார். மேலே போகும் வழியில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் முன்னால் நின்று காலரைச் சரிசெய்துகொண்டு, “நல்லாத்தான் கீறேன், இல்லக்கா?” என்று கேட்டார்.

“உனுக்கு இன்னாடா” என்றாள் அம்மா. 

தர்பார் மண்டபம் மேலே இருந்தது. நீலப்பச்சையும் தங்கமுமாகத் தூண்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு பக்கம் முழுவதும் திறந்து கிடந்தது. கீழே மைதானம், அதற்கப்பால் வாசல். சிம்மாசனம் தசராவுக்கு மட்டும்தான் வெளியே வருமாம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மாமா ஒரு தூணருகே போய் அதன்மேல் காதை வைத்தார். அப்படியே சரிந்து தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா பதறி ஓடினாள். “இன்னாடா ஆச்சு?”

“ஒண்ணும் இல்லக்கா. சத்தமே இல்ல இங்க. கொஞ்ச நேரம் குந்திகினு போலாம்” என்றார்.

அவர் முகத்தில் அப்படியொரு அமைதியை நான் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குகிறவரைப் போல இருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றேன். ராஜா சபையில் உட்கார்ந்து முறுக்கு தின்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அம்மா அப்பாவை அடுத்த தூணருகே அழைத்துக்கொண்டு போனாள். எனக்குக் கேட்காத தூரம் என்று நினைத்திருப்பாள்.

“பாரு, எப்பிடி கீறான்னு. நல்லாத்தானே பேசறான்? ஊட்டுக்கே இட்டுகினு போயிடலாம்யா.”

“இன்னிக்கு நல்லா கீறான். நாளைக்கு?”

“நான் பாத்துக்கறேன்.”

“எங்க வச்சி பாத்துப்ப? ஊடு எங்க கீது நமக்கு? காட்டுப்பாக்கத்துல உங்க அண்ணன் வாசப்படி ஏத்தமாட்டேன்றான். அந்தப் புள்ள மேல கம்பி உழுந்திருந்தா இன்னா பண்ணிருப்ப? நாளைக்கு நம்ம புள்ள மேல உழுந்தா?”

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்பா அவளைத் தொட வந்து, ஆட்கள் இருக்கிறார்கள் என்று கையை இழுத்துக்கொண்டார். “அவனுக்கு வைத்தியம் பண்ணுவாங்க. நல்லா ஆயிட்டான்னா நானே போய் இட்டாறேன்” என்றார். அதை அவர் நம்பித்தான் சொன்னார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

காவலர் ஒருவர் வந்து, இங்கே உட்காரக் கூடாது என்று சைகை காட்டினார். அப்பா ஓடிவந்தார். மாமா சண்டை போடுவார், கத்துவார் என்று பயந்திருப்பார். மாமா எழுந்து, “சாரி சார்” என்று கும்பிட்டார். தான் உட்கார்ந்த இடத்தில் சிந்தியிருந்த முறுக்குத் தூளைக் கையால் கூட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்போது அவர் கத்தியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வெளியே வந்து செருப்பை வாங்கினோம். வெயில் சாய்ந்துவிட்டது. விளக்கு பார்க்க ஜனம் வந்து கூடிக்கொண்டிருந்தது. பொரி விற்றார்கள், ஊதல் விற்றார்கள். வாசலைத் தாண்டி மரத்தடியில் ஒரு மேட்டடோர் வேன் நின்றது. அதிலிருந்து இரண்டு பேர் இறங்கி அப்பாவிடம் வந்தார்கள். முரடர்கள் இல்லை. தமிழ் தெரிந்த ஒருவர் என் கன்னத்தைத் தட்டினார்.

“சார், இருட்டறதுக்குள்ள போயாவணும். ரோடு சரியில்ல” என்றார்.

“லைட் போட்டதும்…” என்று அம்மா ஆரம்பித்தாள்.

“இன்னும் ரொம்ப நேரமாவும்மா. எட்டு பேருக்கு நாங்க போய்த்தான் சோறு போடணும்.”

 மாமா வேனைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். அப்பாவின் இரண்டு கையிலும் இரண்டு பை இருந்தது. மாமா போய் அதில் ஒன்றைப் பிடித்தார்.

“குடுங்க மாமா. இதுல என் துணி மட்டும்தானே கீது?”

அப்பாவின் கை பையை விடவில்லை. மாமாதான் விரல்களை மெதுவாகப் பிரித்து எடுத்தார். எப்போது தெரிந்துகொண்டார் என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தர்பார் மண்டபத்தில் கேட்டிருக்கலாம். வீட்டிலேயே, பைகளைத் தனித்தனியாகக் கட்டும்போதே கண்டுபிடித்திருக்கலாம். தெரிந்துகொண்டேதான் அவ்வளவு தூரம் வந்தாரோ என்று அவள் பல வருடம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அழுவாத. கைல மருந்து தடவிப்பேன், செரியா?” என்றார். பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“மாமா ஒரு வேலையா போறேன் பாப்பா. நீ லைட்ட நல்லா பாரு. எங்கனா ஒண்ணு ரெண்டு எரியாம இருக்கும். எதுன்னு பாத்து வச்சிகினு வா. நான் கேப்பேன்.”

சரி என்று தலையாட்டினேன். அவர் தானே ஏறி உட்கார்ந்தார். யாரும் அவரைத் தொடவேண்டியிருக்கவில்லை. வேன் கிளம்பும்போது நான் கையாட்டினேன். மாமாவுக்கு மைசூரிலேயே வேலை கிடைத்துவிட்டது, ஒருவேளை அந்த பல்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையாக இருக்கும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அவரை நான் அதன்பின் பார்க்கவில்லை. முதலில் மாதம் ஒருமுறை அப்பா போய்வந்தார். போய்வந்த அன்று, இளைத்திருக்கிறான், என்னை யாரென்று கேட்டான், இப்போது சத்தமே போடுவதில்லையாம் என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா ஒருமுறைகூடப் போகவில்லை. போனால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்பாள். வரவர அப்பா போவதும் குறைந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் ஃபேக்டரிக்குத் தந்தி வந்தது. காய்ச்சலாம். அப்பா போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. எந்த இடம் என்று காட்டியவருக்கும் சரியாகத் தெரியவில்லையாம். குவார்ட்டர்ஸ் எங்களிடமே இருந்தது. அப்பா ரிட்டயர் ஆகும்வரை அந்த வீட்டில்தான் இருந்தோம். அம்மா அங்கே எல்லா விளக்கையும் போட்டுவைத்து மின்விசிறியையும் ஓடவிட்டு, அதன் கீழே சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அன்று சாயங்காலம் வேன் போனபிறகு உடனே கிளம்பிவிடலாம் என்றுதான் அப்பா நினைத்திருக்கிறார். நான் விடவில்லை. மாமா வேலை சொல்லியிருக்கிறாரே, விளக்கு பார்க்காமல் எப்படி வருவது என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா, “பாக்கட்டும் உடு” என்றாள். மறுபடியும் உள்ளே போய்க் கூட்டத்தோடு நின்றோம். அம்மா கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சுவரோரம் உட்கார்ந்து தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாள். நடந்த களைப்பு என்று நினைத்தேன்.

இருட்டியது. எங்கோ மணி அடித்தது. அடுத்த நொடி அரண்மனை முழுவதும் ஒரே சமயத்தில் எரிந்தது. கூட்டமே ஓவென்று சத்தம் போட்டது. கட்டிடம் காணாமல் போய், அதன் ஓரங்கள் மட்டும் தங்கக் கோடாக ஆகாயத்தில் நின்றன. எனக்கு முன்னால் பெரியவர்களின் முதுகு மறைத்தது. “தூக்குப்பா” என்றேன். அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

நான் இடது கோபுரத்திலிருந்து ஆரம்பித்தேன். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது வளைவில் ஒரு பல்பு எரியவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. எல்லா விளக்கும் ஆடின. நான் உட்கார்ந்திருந்த தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அப்பா விளையாடுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்து, “ஆடாம நில்லுப்பா. மாமா கேட்டா நான் இன்னா சொல்றது?” என்று அதட்டினேன்.

அப்பா என் கால்கள் இரண்டையும் மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆடாமல் நிற்கத்தான் அவர் முயன்றுகொண்டிருந்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது.